பழைய பெயர், புதிய முதலாளி: வீட்டுச் சாதன நிறுவனங்களின் லாபம் எங்கே போகிறது?

உங்கள் வீட்டு மிக்ஸியில் என்ன பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

'பிரீத்தி' என்று இருக்கிறதா? சென்னையில் பிறந்த பெயர் அது. 2011இல் நெதர்லந்தின் பிலிப்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. 2021இல் பிலிப்ஸ் தன்னுடைய வீட்டுச் சாதனப் பிரிவையே ஹில்ஹவுஸ் என்ற ஆசிய முதலீட்டு நிறுவனத்திடம் விற்றுவிட்டது. அந்தப் பிரிவுக்கு இப்போது வெர்சுனி என்று பெயர். பிரீத்தியும் அதற்குள்தான் இருக்கிறது.

சரி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பக்கம் போவோம்.

- தோஷிபா: வீட்டுச் சாதனப் பிரிவின் 80.1 விழுக்காடு 2016ஆம் ஆண்டிலிருந்து சீனாவின் மிடியா வசம். தோஷிபா பெயரை 40 ஆண்டுகளுக்குப் பயன்படுத்தும் உரிமமும் அதனுடன் சேர்ந்து வந்தது.
- ஹித்தாச்சி: ஜப்பானுக்கு வெளியே உள்ள வீட்டுச் சாதன வர்த்தகத்தின் 60 விழுக்காட்டைத் துருக்கியின் ஆர்ச்செலிக் 2021இல் வாங்கியது.
- ஷார்ப்: 2016இல் தைவானின் ஃபாக்ஸ்கான் கைக்குப் போனது.
- சான்யோ: அதன் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வர்த்தகத்தைச் சீனாவின் ஹையர் வாங்கி, 'அக்வா' என்ற பெயரில் நடத்துகிறது.

"ஜப்பான் சாமான், நம்பி வாங்கலாம்" என்று அப்பா அம்மா காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெயர்ப்பலகை அப்படியேதான் இருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பவர்கள் மாறிவிட்டார்கள்.

உலகில் ஃபிரிட்ஜ் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஏர்கான் விற்பனை நின்றுவிடவில்லை. அப்புறம் ஏன் இத்தனை பெரிய நிறுவனங்கள் விற்றுவிட்டு ஒதுங்கின?

சுருக்கமான பதில்: பொருள் விற்கிறது, லாபம் நிற்கவில்லை.

லாபம் எவ்வளவு மெல்லியது?

அமெரிக்காவின் வேர்ல்பூல் இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒன்று. 2024இல் அதன் விற்பனை சுமார் 16.6 பில்லியன் அமெரிக்க டாலர். ஆண்டு முடிவில் மிஞ்சியது லாபம் அல்ல, 323 மில்லியன் டாலர் நிகர நட்டம். அதில் ஒருமுறை மட்டும் வரும் செலவுகளும் அடக்கம். அவற்றை ஒதுக்கிவிட்டு நிறுவனம் காட்டிய லாப விகிதமே 5.3 விழுக்காடுதான். அதுவும் வட்டியும் வரியும் கழிப்பதற்கு முன்.

சுவீடனின் எலெக்ட்ரோலக்ஸ் நிலைமை இன்னும் மோசம். 2023இல் அதற்கு 5.2 பில்லியன் சுவீடிஷ் குரோனா நட்டம். சுமார் 500 மில்லியன் அமெரிக்க டாலர். அந்த ஆண்டில் 3,000 பேரை ஆட்குறைப்பு செய்யப்போவதாக நிறுவனம் அறிவித்தது.

5 விழுக்காடு என்றால் என்ன அர்த்தம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தயாரிப்பாளர் ஒரு ஃபிரிட்ஜை 1,000 வெள்ளிக்குக் கடைக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைப்பது 50 வெள்ளி. எஃகு விலை ஏறி 20 வெள்ளி போகிறது. கப்பல் கட்டணத்தில் இன்னொரு 20 வெள்ளி போகிறது. பக்கத்துக் கடையில் போட்டி நிறுவனம் 30 வெள்ளி தள்ளுபடி தருகிறது, இவரும் தரவேண்டியிருக்கிறது.

அவ்வளவுதான். லாபம் போய், 20 வெள்ளி கைநட்டம்.

மூன்றுமே சின்னத் தொகைகள். தனித்தனியாகப் பார்த்தால் சமாளிக்கலாம். இந்தத் துறையில் மூன்றும் ஒரே நேரத்தில் வருவதுதான் சிக்கல்.

கப்பலில் போகும் காற்று

ஃபிரிட்ஜுக்குள் என்ன இருக்கிறது? கடையிலிருந்து வரும்போது, காற்றுதான்.

வாஷிங் மெஷினும் அப்படித்தான். இடத்தை அடைக்கும், ஆனால் விலை அவ்வளவு இல்லை. ஒரு கொள்கலனில் ஆயிரக்கணக்கில் கைப்பேசிகளை அடுக்கலாம். பெரிய ஃபிரிட்ஜ் என்றால் சில டஜன்தான்.

உலகக் கொள்கலன் கட்டணத்தைக் கணக்கிடும் டுரூரி குறியீட்டின்படி, 2019இல் 40 அடிக் கொள்கலன் ஒன்றுக்குச் சராசரியாக 1,420 அமெரிக்க டாலர் ஆனது. 2021 செப்டம்பரில் அது 10,377 டாலருக்கு ஏறியது.

ஒரு கொள்கலனில் 50 ஃபிரிட்ஜ் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஃபிரிட்ஜுக்கு 28 டாலராக இருந்த கப்பல் செலவு 207 டாலர் ஆகிறது. மேலே சொன்ன லாபத்தைப்போல் பல மடங்கு!

கட்டணம் பிறகு இறங்கியது உண்மை. ஆனால் 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. கட்டணம் மறுபடி எகிறியது.

மூலப்பொருள் கதையும் இதே மாதிரிதான். ஏர்கானுக்கு உயிர்நாடி செம்பு. 2020 மார்ச்சில் ஒரு டன் 5,000 டாலருக்கும் கீழே இருந்தது. 2021 மே மாதம் 10,000 டாலரைத் தாண்டியது. மின்சாரக் கார்களுக்கும் தரவு நிலையங்களுக்கும் அதே செம்புதான் வேண்டும். ஏர்கான் தயாரிப்பாளர் அவர்களுடன் போட்டிபோட்டு வாங்குகிறார்.

வாங்குபவர் ஏன் தயங்குகிறார்?

கோவிட்-19 நோய்ப்பரவலின்போது எல்லாரும் வீட்டில் இருந்தோம். ஃபிரிட்ஜ் சின்னதாகத் தெரிந்தது. வாஷிங் மெஷின் ஓயாமல் ஓடியது. பலர் அப்போதே புதிது வாங்கிவிட்டார்கள்.

நிறுவனங்களுக்கு நல்ல காலம்தான். ஆனால் ஒரு ஃபிரிட்ஜ் 10 ஆண்டு, அதற்கு மேலும் உழைக்கும். 2021இல் வாங்கியவர் 2023இல் மறுபடி கடைக்கு வரமாட்டார்.

அதற்குள் வட்டி விகிதமும் ஏறிவிட்டது. வீடு வாங்குவது குறைந்தது. அமெரிக்காவில் 2024இல் விற்ற பழைய வீடுகளின் எண்ணிக்கை 1995க்குப் பிறகு ஆகக் குறைவு. சீனாவில் சொத்துச் சந்தை 2021இலிருந்து தள்ளாடுகிறது.

வீடு விற்பதற்கும் ஃபிரிட்ஜ் விற்பதற்கும் என்ன சம்பந்தம்?

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். புது பிடிஓ வீட்டுச் சாவி கையில் கிடைத்ததும் என்ன செய்கிறோம்? ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏர்கான், அடுப்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்குகிறோம். சமையலறை நிறத்துக்குப் பொருந்தவேண்டும் என்று கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை என்போம். தயாரிப்பாளருக்கு லாபம் தருவது அந்த மாதிரி வாடிக்கையாளர்தான்.

பழைய மெஷின் கெட்டுப்போனால் கதை வேறு. அழுக்குத் துணி குவிந்து கிடக்கும். "எது மலிவோ, எது நாளைக்கே வருமோ, அதைக் கொடுங்க" என்போம்.

வீட்டு விற்பனை மந்தமாகும்போது முதல் ரக வாடிக்கையாளர் குறைகிறார். இரண்டாவது ரகம் மட்டும் மிஞ்சுகிறது. விற்பனை எண்ணிக்கை பெரிதாகக் குறையாவிட்டாலும் லாபம் சரிவது அதனால்தான்.

சீன நிறுவனங்களுக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது?

மிடியாவின் கணக்கைப் பார்ப்போம். 2024இல் வருமானம் சுமார் 409 பில்லியன் யுவான். நிகர லாபம் சுமார் 38.5 பில்லியன் யுவான். 100 யுவானுக்கு 9 யுவானுக்கும் மேல் நிற்கிறது. (அதன் வருமானத்தில் ரோபோ, கட்டடத் தொழில்நுட்பம் போன்ற பிரிவுகளும் உண்டு.)

மலிவான கூலி மட்டுமே காரணம் என்று நினைத்தால் பாதிக் கதையைத்தான் பார்க்கிறோம்.

ஃபிரிட்ஜுக்கும் ஏர்கானுக்கும் இதயம் கம்ப்ரசர். வாஷிங் மெஷினுக்கு மோட்டார். மிடியா இரண்டையும் தானே தயாரிக்கிறது, மற்ற நிறுவனங்களுக்கும் விற்கிறது. அதாவது, நீங்கள் வாங்கும் ஏர்கானில் வேறு பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் கம்ப்ரசர் மூலம் மிடியாவுக்கு வருமானம் போகலாம்.

வெறும் பெட்டியைப் பொருத்தி, பெயர் ஒட்டி விற்பவருக்கு லாபம் மெலிகிறது. உள்ளே இருக்கும் பாகங்களையும் செய்பவருக்குத்தான் அது தங்குகிறது.

சீன அரசாங்கமும் கைகொடுத்தது. பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குவோருக்கு 2024இல் 15 முதல் 20 விழுக்காடு வரை மானியம் வழங்கியது. ஒரு சாதனத்துக்கு 2,000 யுவான் வரை கிடைத்தது. ஆனால் மானியத்துக்காக இன்று வாங்குபவர் நாளை வாங்கமாட்டார். உள்நாட்டில் விற்பனை மந்தமாகும்போது ஆலைகள் எங்கே பார்க்கும்? வெளிநாட்டுச் சந்தையைத்தான். தென்கிழக்காசியா பக்கத்திலேயே இருக்கிறது.

வரி யாரைக் காப்பாற்றியது?

அமெரிக்கா வரி விதித்துத் தன் நிறுவனங்களைக் காப்பாற்றப் பார்த்தது.

2018இல் இறக்குமதியாகும் வாஷிங் மெஷின்களுக்கு 20 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடு வரை வரி போடப்பட்டது. பொருளியல் நிபுணர்கள் பிறகு ஆராய்ந்தபோது, அங்கு வாஷிங் மெஷின் விலை சுமார் 12 விழுக்காடு ஏறியது தெரியவந்தது. வேடிக்கை என்னவென்றால், வரியே இல்லாத டிரையர் விலையும் ஏறிவிட்டது. இரண்டையும் ஜோடியாக வாங்குவார்கள் அல்லவா? கடைக்காரர்கள் இரண்டின் மீதும் ஏற்றிவிட்டார்கள்.

2025 ஜூனில் இன்னொரு வரி. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், அடுப்பு போன்றவற்றில் உள்ள எஃகின் மதிப்புக்கு 50 விழுக்காடு.

அமெரிக்காவிலேயே பெரும்பகுதியைத் தயாரிக்கும் வேர்ல்பூலுக்குக் கொண்டாட்டமாகத்தானே இருந்திருக்கவேண்டும்? இல்லை. வரி நடப்புக்கு வருமுன் போட்டி நிறுவனங்கள் சரக்கை இறக்கிக் குவித்துவிட்டதாக அது குறைகூறியது. அந்த ஆண்டுக்கான லாப முன்னுரைப்பைக் குறைத்தது. பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் ஈவுத்தொகையையும் வெட்டியது.

நம் வட்டாரத்தைத் தொட்டுச்சென்ற கதை ஒன்றும் உண்டு.

வீட்டைத் தானே கூட்டும் 'ரூம்பா' ரோபோவைத் தயாரித்த ஐரோபாட் நிறுவனம், சீனப் பொருள்களுக்கான வரியிலிருந்து தப்பிக்க 2019இல் மலேசியாவில் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் உற்பத்தி வியட்னாமுக்கு மாறியது. அதற்குள் சீன நிறுவனங்கள் அதைவிட மலிவான, கூடுதல் வசதிகள் கொண்ட ரோபோக்களைக் கொண்டுவந்துவிட்டன. நிறுவனத்தை வாங்கவிருந்த அமேசான் 2024 ஜனவரியில் பின்வாங்கியது. 2025 டிசம்பரில் ஐரோபாட் நொடிப்புப் பாதுகாப்புக்கு விண்ணப்பித்தது.

அதை எடுத்துக்கொள்ள முன்வந்தது யார்? அதற்கு ரோபோக்களைத் தயாரித்துக் கொடுத்துவந்த சீன நிறுவனம் பிசியா. கூலிக்குச் செய்துகொடுத்தவரே கடைசியில் முதலாளி.

சிங்கப்பூர் விதிமுறைகளால் என்ன செலவு?

விதிமுறைகள் தேவைதான். ஆனால் அவற்றுக்கும் யாராவது பணம் கட்டவேண்டும்.

- 2021 ஜூலையிலிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் சாதனங்களைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனங்கள், அவற்றின் மின்கழிவைச் சேகரித்து மறுபயனீடு செய்யும் செலவை ஏற்கவேண்டும். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது.
- 2022 அக்டோபரிலிருந்து புவி வெப்பத்தை அதிகம் கூட்டும் குளிர்வாயு உள்ள புதிய வீட்டு ஃபிரிட்ஜ்களையும் ஏர்கான்களையும் இறக்குமதி செய்ய முடியாது.
- மின்சாரச் சிக்கனத்துக்கான குறைந்தபட்சத் தரம் 2011இல் அறிமுகமானது. அது படிப்படியாக உயர்த்தப்படுகிறது.

இன்னொரு பக்கம், அரசாங்கம் வாங்குபவருக்கு உதவுகிறது. 2024 ஏப்ரலில் வீவக குடும்பங்களுக்கு 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு கிடைத்தது. 2025இல் மேலும் 100 வெள்ளி சேர்க்கப்பட்டது. தனியார் வீடுகளில் இருப்போருக்கு 400 வெள்ளி.

விற்பனைக்கு நல்லது. ஆனால் சிக்கனமான மாடலில் நல்ல கம்ப்ரசர், கூடுதல் செம்பு எல்லாம் தேவை. பெரிய நிறுவனம் அந்தச் செலவைப் பல நாடுகளில், பல மில்லியன் சாதனங்களில் பகிர்ந்துவிடும். சிறிய நிறுவனம் திணறும்.

அடி யார் மேல் விழுகிறது?

முதலில் ஊழியர்கள் மேல்.

பேனசோனிக் 2020இல் தாய்லந்தில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உற்பத்தியை நிறுத்தி வியட்னாமுக்கு மாற்றியது. சுமார் 800 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதே நிறுவனம் 2025 மே மாதம் உலகளவில் 10,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அவற்றில் பாதி ஜப்பானுக்கு வெளியே. (வீட்டுச் சாதனம் மட்டுமல்ல, எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து.)

சிங்கப்பூரிலும் அது எதிரொலித்தது. தலைமையகத்தை இங்கு மாற்றுவதாக டைசன் 2019இல் அறிவித்தபோது பெருமையாக இருந்தது. 2024 அக்டோபரில் அது இங்கு ஆட்குறைப்பு செய்தது. எத்தனை பேர் என்று நிறுவனம் சொல்லவில்லை. ஒருநாள் முன்னதாகத்தான் தகவல் வந்தது என்று மின்னியல், மின்சாரத் துறை ஊழியர்களின் தொழிற்சங்கம் வருத்தம் தெரிவித்தது.

தலைமையகம் இங்கே இருப்பது வேலைக்கு உத்தரவாதம் இல்லை என்பதைப் பலர் அன்று உணர்ந்தார்கள்.

அடுத்து நம்ம மேல்.

விலையை ஏற்ற முடியாதபோது நிறுவனம் எங்கே மிச்சம்பிடிக்கும்? விற்பனைக்குப் பிந்திய சேவை, உதிரிப் பாகங்களின் இருப்பு ஆகியவற்றில் கைவைக்கும் ஆசை வரும். கடையில் பார்க்கும்போது அது தெரியாது. நாலு வருஷம் கழித்து "அந்த பார்ட் இப்ப வர்றதில்லைங்க" என்று சொல்லும்போதுதான் தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021இலிருந்து ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உதிரிப் பாகங்களைக் குறைந்தது 7 முதல் 10 ஆண்டுகளுக்குக் கிடைக்கச் செய்வது சட்டப்படி கட்டாயம். சிங்கப்பூரில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

இனி வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

பெட்டியை விற்று லாபம் இல்லையென்றால், மாதாமாதம் பணம் வாங்கலாமே? நிறுவனங்கள் இப்போது அப்படித்தான் யோசிக்கின்றன.

மலேசியாவில் இது பழகிப்போன விஷயம். தென்கொரியாவின் கோவே 2006இலேயே அங்கு நுழைந்தது. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியை மாதக் கட்டணத்துக்குத் தருவார்கள். ஊழியர் ஒருவர் வீட்டுக்கு வந்து வடிகட்டியை மாற்றிவிட்டுப் போவார். எல்ஜி நிறுவனமும் அங்கு அதே பாதையில் இறங்கியிருக்கிறது.

நிறுவனத்துக்கு என்ன நன்மை? எஃகு விலை ஏறினாலும், வீட்டு விற்பனை சரிந்தாலும் மாதக் கட்டணம் வந்துகொண்டே இருக்கும்.

நமக்கு? பராமரிப்புத் தலைவலி இல்லை, ஒரே நேரத்தில் பெரிய தொகை கொடுக்கவேண்டியதில்லை. ஆனால் கூட்டிப் பாருங்கள். மாதம் 60 வெள்ளி என்று 5 ஆண்டுக்குக் கட்டினால் 3,600 வெள்ளி. அதே சாதனத்தின் கடை விலை என்ன? இடையில் நிறுத்தினால் எவ்வளவு கட்டவேண்டும்? இரண்டையும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தமுறை கடைக்குப் போகும்போது...

- முதலாளி மாறியதாலேயே தரம் குறைந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். சில பெயர்கள் புதிய முதலீட்டால் பிழைத்திருக்கின்றன. ஆனால் பழைய பெயரை மட்டும் நம்பியும் வாங்க வேண்டாம்.
- 'கம்ப்ரசருக்கு 10 ஆண்டு உத்தரவாதம்' என்று பெரிய எழுத்தில் இருந்தால், கீழே உள்ள சிறிய எழுத்தையும் படியுங்கள். பாகத்துக்கு மட்டுமா, பழுதுபார்க்கும் கூலிக்கும் சேர்த்தா?
- சிங்கப்பூரில் சேவையைக் கவனிப்பது யார்? நிறுவனமேவா, வேறு குத்தகையாளரா? உதிரிப் பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும்?
- வாங்கிய 6 மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகவே 'லெமன்' சட்டம் பொதுவாகக் கருதும். அப்படி இல்லை என்று நிரூபிக்கவேண்டியது விற்பனையாளர். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.
- புதிய சாதனத்தை வீட்டில் இறக்கும்போது, அதே வகைப் பழைய சாதனத்தை இலவசமாக எடுத்துச்செல்ல வேண்டியது கடையின் பொறுப்பு. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.
- பருவநிலைப் பற்றுச்சீட்டுகள் 2027 டிசம்பர் 31 வரை செல்லும். அவசரப்பட வேண்டியதில்லை.

மலிவான ஃபிரிட்ஜ் யாருக்குத்தான் பிடிக்காது? விலைவாசி ஏறும் நேரத்தில் அது குடும்பங்களுக்கு நிம்மதிதான். ஆனால் அந்த விலையில் தயாரிப்பாளருக்கு எதுவும் மிஞ்சவில்லையென்றால், மிச்சத்தை அவர் வேறெங்காவது தேடுவார். ஓர் ஊழியரின் வேலையில், வராத உதிரிப் பாகத்தில், அல்லது நீங்கள் மாதாமாதம் கட்டப்போகும் கட்டணத்தில்.

விலைச்சீட்டைப் பார்க்கும்போது அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.